ஒரே மாவு, இட்லி வெள்ளை, தோசை பொன்னிறம்: ஏன்?

#1 · கரண்டி (தஞ்சாவூர்) · ஞாயிறு காலை 9:10

இன்று காலை ஒரே தூக்கு மாவில் அப்பாவுக்கு இட்லி, எனக்குத் தோசை. இரண்டு தட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தபோதுதான் உறைத்தது. அதே அரிசி, அதே உளுந்து, அதே உப்பு, அதே புளிப்பு. ஒன்று மல்லிகைப்பூ மாதிரி வெள்ளை. இன்னொன்று ஓரம் பொன்னிறம், நடுவில் செம்பழுப்பு, தெருமுனை வரை வாசனை. இட்லியை இன்னும் அரை மணி நேரம் சட்டியிலேயே விட்டாலும் அது சிவக்காது. பதம் கெடும், நிறம் மாறாது.

நான் கணக்கு எழுதுகிறவன். விஞ்ஞானம் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனால் இப்படி ஒரு கேள்வி காலையில் மாட்டினால் அன்றைக்கு முழுக்க சந்தோஷம்தான். கொஞ்சம் வாசித்து, கொஞ்சம் யோசித்து எனக்குக் கிடைத்த விடை ஒரே சொல்: தண்ணீர்.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் அது போகாது என்பதைத்தான் நாம் யோசிப்பதில்லை. ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 70 கலோரி போதும். அதே ஒரு கிராமை நீராவியாக்க 540 கலோரி வேண்டும். ஏறக்குறைய எட்டு மடங்கு! அவ்வளவு வெப்பத்தையும் வாங்கிக்கொண்டு தண்ணீர் ஒரு டிகிரிகூட ஏறாமல் அங்கேயே நிற்கும். பள்ளிக்கூடத்தில் இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர் சொன்னார்கள். 1760களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் என்ற மருத்துவர் கண்டுபிடித்துச் சொன்னது.

இட்லிச் சட்டிக்குள் இருப்பது நீராவி. அதனால் இட்லிக்கு 100தான் எல்லை. தோசைக்கல்லோ 200 டிகிரியை ஒட்டி இருக்கிறது. மாவை ஊற்றியதும் அதுவும் முதலில் 100லேயே நிற்கும், ஏனென்றால் மாவில் பாதிக்கு மேல் தண்ணீர். நாம் கேட்கிற 'சுர்ர்' சத்தம் அந்தத் தண்ணீர் வெளியேறுகிற சத்தம். அடிப்பக்கம் உலர்ந்த பிறகுதான் அந்த மெல்லிய அடுக்கு 100ஐத் தாண்டுகிறது. 140 டிகிரி வாக்கில் மாவில் இருக்கும் சர்க்கரையும் புரதத் துணுக்குகளும் ஒன்றோடொன்று வினைபுரிந்து அந்த நிறமும் மணமும் பிறக்கின்றன. 1912இல் இதை முதலில் விவரித்தவர் லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். ரொட்டி, காபிக்கொட்டை, வறுத்த முந்திரி எல்லாவற்றிலும் இதே வேலைதான் நடக்கிறது.

ஆக இட்லி என்பது தண்ணீரின் ஆட்சிக்குள் வெந்தது. தோசை அந்த ஆட்சியைத் தாண்டி வந்தது. 100 டிகிரிக்குள் எதுவும் சிவக்காது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: குழம்பு கொதி வந்த பிறகு தீயைக் கூட்டுவதால் ஒரு பயனும் இல்லை. கேஸ்தான் போகும்.

உங்கள் வீட்டு அடுப்பில் இந்த 100 டிகிரி எங்கெல்லாம் தட்டுப்படுகிறது? எழுதுங்கள்.

#2 · வைகைக்கரை (மதுரை) · ஞாயிறு காலை 9:52

அருமையாக இருக்கிறது சார். ஒரு சந்தேகம். என் மனைவி கல் காய்ந்ததா என்று பார்க்கத் தண்ணீர் தெளிப்பாள். சில நாள் தெளித்த உடனே சுர்ரென்று காணாமல் போகும். சில நாள் துளிகள் முத்து முத்தாக உருண்டு கல் முழுக்க ஓடும், சீக்கிரம் வற்றாது. கல் அதிகமாகக் காய்ந்தால் தண்ணீர் இன்னும் வேகமாகத்தானே போக வேண்டும்? தலைகீழாக நடக்கிறதே.

#3 · கரண்டி · ஞாயிறு காலை 10:30

வைகைக்கரை சார், இந்தத் துளி ஓட்டம் எனக்கு மிகவும் பிடித்த காட்சி. கல் மிதமான சூட்டில் இருந்தால் துளி கல்லை முழுசாகத் தொடுகிறது, வெப்பம் நேராக ஏறுகிறது, இரண்டு மூன்று விநாடியில் காலி. கல் 200 டிகிரியைத் தாண்டிப் போய்விட்டால் துளியின் அடிப்பக்கம் தொட்ட நொடியிலேயே ஆவியாகி, ஒரு மெத்தை மாதிரி துளியைத் தூக்கிப் பிடித்துவிடுகிறது. மெத்தையின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனால் நீராவி வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் துளி கல்லைத் தொடாமல் மிதந்துகொண்டே அரை நிமிடம், ஒரு நிமிடம்கூட உயிரோடு இருக்கும். உராய்வு இல்லாததால்தான் அந்த ஓட்டம்.

ஜெர்மனியில் யோஹான் லைடன்ஃப்ராஸ்ட் என்ற மருத்துவர் 1756இலேயே இதை எழுதி வைத்தார். பழுக்கக் காய்ந்த இரும்புக் கரண்டியில் துளி விட்டு, அது மறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணினார். இன்றைக்கும் இதற்கு அவர் பெயர்தான்.

தோசைக்கு எந்தச் சூடு சரி என்பதும் இதிலேயே இருக்கிறது. துளி உருண்டு ஓடினால் கல் மிஞ்சிவிட்டது. அந்த நேரத்தில் மாவை ஊற்றினால் பரப்புவதற்குள் வெந்து, கரண்டியோடு சுருட்டிக்கொண்டு வரும். எங்கள் அம்மா அப்போது ஒரு கை தண்ணீரைத் தெளித்து, அரை வெங்காயத்தால் ஒரு தேய் தேய்ப்பார். தெளித்த ஒவ்வொரு கிராம் தண்ணீரும் 600 கலோரிக்கு மேல் கல்லிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. கல்லைச் சட்டென்று இறக்க இதைவிட நல்ல வழி இல்லை.

#4 · மலைக்காற்று (உதகமண்டலம்) · ஞாயிறு காலை 11:15

நீங்கள் எல்லோரும் 100, 100 என்கிறீர்கள். எங்கள் ஊருக்கு அது பொருந்தாது!

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் 93 டிகிரியை எட்டுவதற்குள்ளேயே கொதித்துவிடும். ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். கல்யாணமாகி ஈரோட்டிலிருந்து வந்த புதிதில் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு போட்டேன். ஒன்றரை மணி நேரம் தளதளவென்று கொதித்தது. பருப்பு முழுசாக என்னைப் பார்த்தது. பருப்பு சரியில்லை என்று கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர்தான், "ஊருக்குப் புதுசா? குக்கர் வாங்குங்கம்மா" என்றார்.

பல வருடம் கழித்து ஒரு செய்தி வாசித்தேன். 1835இல் சார்லஸ் டார்வின் ஆண்டிஸ் மலையைக் கடந்தபோது ராத்திரி முழுக்க உருளைக்கிழங்கைக் கொதிக்க வைத்தும் வேகவில்லையாம். பானை புதுசு, அதற்கு உருளைக்கிழங்கு வேக வைக்க விருப்பம் இல்லை என்று கூட வந்தவர்கள் பேசிக்கொண்டார்களாம். எனக்கு அப்படியே என் பருப்பு ஞாபகம் வந்தது. அவர்கள் பானையைக் குறை சொன்னார்கள், நான் பருப்பை.

#5 · கரண்டி · ஞாயிறு காலை 11:40

மலைக்காற்று அக்கா, நான் சொன்னது சமவெளிக் கணக்கு. ஏற்றுக்கொள்கிறேன். எல்லை இருப்பது உறுதி, அந்த எல்லை எங்கே என்பதை மேலே அழுத்துகிற காற்று தீர்மானிக்கிறது.

குக்கர் இதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. நீராவியை அடைத்து வைத்து அழுத்தத்தை ஏற்றினால் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் போகும். பிரான்சில் பிறந்த டெனி பாப்பின் 1679இல் லண்டனில் செய்து காட்டியது. எலும்பையே மெத்தென்று ஆக்கியது அந்தப் பாத்திரம். வெடித்துவிடக் கூடாதே என்று அழுத்தம் மிஞ்சினால் திறந்துகொள்கிற வால்வையும் சேர்த்தே அவர் செய்தார். நம் வெயிட்டின் பாட்டன் அது.

உங்கள் ஊரில் வெளிக்காற்றே லேசு என்பதால் அதே வெயிட்டோடு குக்கருக்குள் 116 டிகிரி வாக்கில்தான் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அங்கே ஒரு விசில் கூடுதலாக வைப்பீர்களோ?

#6 · மலைக்காற்று · ஞாயிறு காலை 11:48

ஆமாம்! ஈரோட்டில் அம்மா மூன்று, இங்கே நான் நான்கு. எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். இதுவரை ஏனென்று கேட்டதில்லை.

#7 · பந்திவரிசை (கும்பகோணம்) · ஞாயிறு மதியம் 2:05

முதல் பதிவில் ஒரு விஷயத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்பா நாற்பது வருடம் கல்யாணச் சமையல் செய்தவர். நானும் அவரோடு கோட்டை அடுப்புப் பக்கம் நின்றே வளர்ந்தவன். கொதி வந்த பிறகு தீயைக் கூட்டுவதால் ஒரு பயனும் இல்லை என்று வீட்டு அடுப்பைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அண்டாவுக்கு அது ஆகாது.

ஒன்று: தளதளவென்று கொதிக்கிற அண்டாவில் இருபது கிலோ அரிசியைக் கொட்டினால் கொதி அடங்கிப்போகும். தீயில் வலு இல்லாவிட்டால் மறுபடி கொதி வர நேரமாகும், அதற்குள் அரிசி ஊறிக் குழையும். அதனால் அரிசி போடும்போது விறகைத் தள்ளுவார், கொதி திரும்பியதும் இழுப்பார்.

இரண்டு: வேக வைப்பது வேறு, வற்ற வைப்பது வேறு. பாயசத்துக்குப் பாலைச் சுண்ட வைக்கணும், வத்தக்குழம்பைச் சுருள வைக்கணும் என்றால் தண்ணீர் போயாகணும். நீங்களே சொல்கிறீர்கள், ஒரு கிராமுக்கு 540 கலோரி என்று. அந்த வெப்பம் எங்கிருந்து வரும்? தீயிலிருந்துதானே.

மூன்று: பால் சுண்டும்போது இளம்பழுப்பு ஏறுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைப் பாருங்கள். அது 100 டிகிரியைத் தாண்டி எங்கே போனது? 100க்குள் எதுவும் சிவக்காது என்கிறீர்களே?

#8 · கரண்டி · ஞாயிறு மதியம் 3:30

பந்திவரிசை அண்ணா, மூன்றுக்கும் நன்றி. முதல் இரண்டிலும் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. வற்ற வைக்கும்போது ஒவ்வொரு கலோரியும் கணக்கில் வரும், பெரிய தீ வேண்டும். வேக வைக்கும்போது மட்டும்தான் என் வாதம் நிற்கும்.

மூன்றாவதைத் தேடிப் படித்தேன். மையார் வினை 140 டிகிரியில் திடீரென்று தொடங்குவது இல்லை. குறைந்த சூட்டிலும் நடக்கும், ஆனால் மிக மெதுவாக. தோசை ஒரு நிமிடத்தில் சிவக்கிறது, பாலுக்கு மணிக்கணக்கு ஆகிறது. பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரையும் உண்டு, புரதமும் உண்டு, இரண்டும் நெருங்கிச் சுண்டுவதால் வினை நடக்க வசதி. தவிர, கடாயின் அடியில் ஒட்டியிருக்கும் படலம் மேலே இருக்கும் பாலைவிடச் சூடாக இருக்கும். கிளறிக்கொண்டே இருப்பவர் அந்த நிறத்தைச் சுரண்டி எடுத்து முழுவதிலும் கலக்கிறார். என் வரியைத் திருத்த வேண்டும்.

#9 · யாழ்மணி (யாழ்ப்பாணம்) · ஞாயிறு மாலை 5:20

இட்லி சிவக்காது எண்டு சொன்னதை வாசிக்கேக்க எங்கட புட்டு ஞாபகம் வந்தது. நாங்கள் அரிசி மாவை முதலே சட்டியில வறுத்து வைக்கிறனாங்கள். மா கையில ஒட்டாமல் கோலம் போடுற மாதிரி விழ வேணும், அதுதான் பதம். அந்த வறுத்த மாவைக் கொதித்தண்ணியில குழைச்சு, தேங்காய்ப்பூ போட்டு, நீத்துப்பெட்டியில அவிக்கிறது. அப்ப நிறமும் வாசமும் முதலே உலர்ந்த மாவில வந்திட்டுது, ஆவி பிறகுதான் வருது. பச்சை மாவில அவிச்ச புட்டுக்கு அந்த வாசம் வராது. உங்கட விளக்கத்தோட இது சரியாப் பொருந்துதே.

எங்கட தோசை முதலே மஞ்சள், அதால சிவக்கிறது அவ்வளவு தெரியாது. மஞ்சள் தூள் போடுறனாங்கள்.

#10 · செண்பகம்73 (திருநெல்வேலி) · ஞாயிறு மாலை 6:45

பிள்ளைகளா, எல்லாம் நன்றாக எழுதுகிறீர்கள். முப்பத்திரண்டு வருடம் செவிலியராக இருந்தவள் என்ற முறையில் நான் ஒன்று சொல்ல வேண்டும். அந்த 540 கலோரியை நான் வேறு மாதிரி பார்த்திருக்கிறேன்.

இட்லிச் சட்டியை முகத்துக்கு நேராகத் திறந்து, குக்கர் மூடியை அவசரத்தில் இழுத்து, கையும் முகமும் வெந்து வருவார்கள். கொதிநீர் பட்டதைவிட ஆவி பட்டது ஆழமாக இருக்கும். ஆவி தோலில் பட்டதும் தண்ணீராக மாறுகிறது, மாறும்போது வாங்கிய 540 கலோரியையும் அப்படியே தோலுக்குக் கொடுத்துவிடுகிறது. கொதிநீர் தன் சூட்டை மட்டும்தான் கொடுக்கும். இட்லி பத்து நிமிடத்தில் வேகும் காரணமும் இதுதான், கை வேகும் காரணமும் இதுதான்.

மூடியை எப்போதும் உங்களுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்துத் திறங்கள். பட்டுவிட்டால் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். இருபது என்றால் கடிகாரம் பார்த்து இருபது. மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்கு முன்னால் கழற்றுங்கள். பற்பசை, மை, மாவு, ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம். முகம், கண், கை மூட்டு, குழந்தை என்றால் உடனே மருத்துவமனை. குழந்தை எட்டும் உயரத்தில் இட்லிச் சட்டி இருக்கவே கூடாது.

#11 · கரண்டி · ஞாயிறு இரவு 7:30

அம்மா, இந்தப் பதிவுதான் இந்த இழையில் முக்கியமானது. எங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மூடியை எதிர்ப்பக்கம் சாய்ப்பதை அவர் பாட்டியிடம் கற்றதாகச் சொன்னார், காரணம் இன்றைக்குத்தான் தெரிந்ததாம்.

#12 · வைகைக்கரை · ஞாயிறு இரவு 8:10

அதே 540ஐ நல்ல பக்கமாகத் திருப்பிப் பார்த்தால் மண்பானை. கொதிக்காத தண்ணீர் ஆவியாகவும் இதே அளவு வெப்பம் வேண்டும், சொல்லப்போனால் கொஞ்சம் கூடுதல், 580 கலோரி. பானையின் நுண்துளைகள் வழியே கசிந்து வெளியே ஆவியாகிற தண்ணீர் அந்த வெப்பத்தை உள்ளே இருக்கும் தண்ணீரிடமிருந்துதான் எடுக்கிறது. 10 லிட்டர் பானையில் 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர் தண்ணீர் ஆவியானாலே மீதி எல்லாம் ஏறக்குறைய 12 டிகிரி இறங்கக் கணக்கு வருகிறது. வெளியிலிருந்து சூடு உள்ளே வந்துகொண்டே இருப்பதால் நடப்பில் அவ்வளவு இறங்காது.

என் தங்கை சென்னையில் இருக்கிறாள். மானாமதுரைப் பானை ஒன்று வாங்கிக் கொடுத்தேன், இங்கே என் வீட்டில் இருப்பதும் அதே குயவர் செய்ததுதான். அவள் மே மாதம் போனில், "அண்ணே, பானை ஏமாத்திடுச்சு, தண்ணி சில்லுன்னே இல்ல" என்றாள். பானையின் மேல் தப்பு இல்லை. கடற்காற்றில் ஈரம் அதிகம், தண்ணீர் ஆவியாக இடம் கிடைப்பதில்லை. வெயில் 40 டிகிரியும் காற்றில் ஈரப்பதம் 20 சதவீதமும் என்றால் பானை 23 டிகிரி பக்கம் வரை முயற்சி செய்யலாம். 35 டிகிரியும் 65 சதவீதமும் என்றால் 29க்குக் கீழே எந்தப் பானையாலும் முடியாது. வெயில் குறைந்த ஊரில் பானை தோற்பது இப்படித்தான்.

அப்புறம், அழகுக்காகப் பானைக்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள். துளை அடைந்துவிடும், பிறகு அது வெறும் மண் டப்பா.

#13 · வேப்பமரம் (திருச்சி) · திங்கள் காலை 7:05

என் மகள் எட்டாம் வகுப்பு. நேற்று இரவு இந்த இழையை அவளுக்குக் காட்டினேன். "எட்டு மடங்குன்னு அவங்க சொன்னா நம்பிடணுமாப்பா?" என்றாள். சரி, சோதித்துப் பார்க்கலாம் என்றேன். கரண்டி சார், நீங்கள் முன்கூட்டியே ஒரு கணிப்புச் சொல்லுங்கள். 500 மில்லி தண்ணீர், மூடி இல்லாத பாத்திரம், தீயைக் கடைசி வரை மாற்றப்போவதில்லை. முழுக்க வற்றவிட்டால் பாத்திரம் கெடும், அதனால் பாதி வற்றியதும் நிறுத்துவோம்.

#14 · கரண்டி · திங்கள் காலை 7:25

மகளுக்கு என் சலாம். இப்படித்தான் கேட்க வேண்டும்.

என் கணிப்பு: தண்ணீர் 30 டிகிரியில் தொடங்கினால் கொதி வர 500 × 70 = 35,000 கலோரி. பாதி, அதாவது 250 மில்லி ஆவியாக 250 × 540 = 1,35,000 கலோரி. நாலு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு, 3.9 என்று வையுங்கள். கொதி வர ஆறு நிமிடம் ஆனால் அதற்குப் பிறகு பாதி வற்ற 23 நிமிடம்.

#15 · பந்திவரிசை · திங்கள் காலை 8:00

கூடவே ஆகும். பாத்திரத்தின் பக்கவாட்டில் போகிற சூட்டை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. என் பந்தயம் 25.

சும்மா இருக்கிற நேரத்தில் ஒன்று கேட்கிறேன். பாகு? அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சும்போது தண்ணீர் இருக்கத்தான் செய்கிறது, கொதிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பாகு ஒரு சொட்டு கையில் பட்டால் கொதிநீரைவிடப் பலமாகச் சுடும். 100 எல்லை அங்கே எங்கே போயிற்று?

#16 · கரண்டி · திங்கள் மதியம் 1:20

அண்ணா, இந்தக் கேள்விக்காக மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கச் செலவழித்தேன், கொஞ்சமும் வருத்தமில்லை.

தண்ணீரில் சர்க்கரை மாதிரி தானாக ஆவியாகாத எதைக் கரைத்தாலும் கொதிநிலை ஏறும். உப்பு போட்டாலும் ஏறும், ஆனால் ஒரு லிட்டருக்கு 10 கிராம் உப்பு போட்டால் ஏறுவது ஒரு டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் குழம்பில் அது தெரியாது. பாகு வேறு கதை. அங்கே சர்க்கரைதான் அதிகம், தண்ணீர் விருந்தாளி. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் போகிறது, சர்க்கரையின் பங்கு ஏறுகிறது, கொதிநிலையும் கூடவே ஏறுகிறது. சர்க்கரைப் பாகு தண்ணீரில் விட்டால் உருட்ட வருகிற பதத்தில் 112 முதல் 116 டிகிரி வரை இருக்கும். இன்னும் காய்ச்சினால் 150 பக்கம் போய், தண்ணீரில் போட்டதும் கண்ணாடி மாதிரி உடையும்.

இதில் என்னை அசத்தியது என்ன தெரியுமா? பாகின் சூடு தெரிந்தால் அதில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்பது தெரிந்துவிடும். இரண்டும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை. கம்பிப் பதம், உருண்டைப் பதம், தட்டில் போட்டால் 'டங்'கென்று சத்தம் வருகிற கடலைமிட்டாய்ப் பதம் என்று உங்கள் அப்பா விரலாலும் காதாலும் பார்த்ததெல்லாம் வெப்பமானியின் வேலை. ஒரு கிண்ணம் தண்ணீரும் இரண்டு விரலும் போதும், ஐந்து டிகிரி வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார்.

#17 · பந்திவரிசை · திங்கள் மதியம் 2:10

அப்பாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். "வெல்லத்துக்கு அந்தக் கணக்கு அப்படியே வராது, வெல்லத்துக்கு வெல்லம் மாறும், அதான் விரல்" என்றார்.

#18 · மலைக்காற்று · திங்கள் மாலை 4:30

பால் பொங்குவதைப் பற்றி யாரும் எழுதவில்லையே? தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் பாத்திரத்தைத் தாண்டி வழியாது. பால் ஒரு நொடி திரும்பினால் அடுப்பெல்லாம் அபிஷேகம்.

#19 · கரண்டி · திங்கள் மாலை 5:15

தண்ணீரில் நீராவிக் குமிழி மேலே வந்ததும் உடைந்துவிடுகிறது. பாலில் புரதமும் கொழுப்பும் சேர்ந்து மேலே ஏடு கட்டுகின்றன. குமிழிகளின் சுவரும் புரதத்தால் கெட்டிப்படுகிறது, உடைய மறுக்கிறது. கீழே இருந்து ஆவி வந்துகொண்டே இருக்கிறது, ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். வேறு வழி இல்லை, ஏட்டைத் தூக்கிக்கொண்டு மேலே வருகிறது. பாத்திரத்தின் குறுக்கே ஒரு மரக்கரண்டியை வைத்தால் கொஞ்ச நேரம் தாங்கும், குமிழிகள் அதில் பட்டு உடையும். தீயைக் குறைப்பதுதான் நிச்சயமான வழி.

அந்த 1,600 மடங்கை நினைத்துக்கொண்டே தாளித்துப் பாருங்கள். கடுகுக்குள் இருக்கிற துளி ஈரம் ஆவியாகி, இடம் போதாமல் தோலை உடைக்கிறது. பூரி உப்புவதும் அதே வேலை: இரண்டு பக்கமும் தோல் பிடித்த பிறகு உள்ளே ஆவி அடைபடுகிறது. ஓட்டை விழுந்த பூரி தட்டையாகவே இருக்கும்.

#20 · செண்பகம்73 · திங்கள் மாலை 6:00

கடாயில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதற்கும் அந்த 1,600 மடங்குதான் காரணம். தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய், ஆவியாகி, எரிகிற எண்ணெயைக் கூரைவரை தூக்கி எறியும். அடுப்பை அணைத்து, மூடியால் மூடுங்கள், ஆறும்வரை திறக்காதீர்கள்.

#21 · வேப்பமரம் · திங்கள் இரவு 8:40

முடிவு வந்துவிட்டது. மகள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

கொதி வர 6 நிமிடம் 10 விநாடி. பாத்திரத்துக்குள் ஒரு மரக்குச்சியில் பாதி அளவைக் குறித்து வைத்துக்கொண்டோம். தண்ணீர் அந்தக் கோட்டுக்கு இறங்க மேலும் 26 நிமிடம். ஆறிய பிறகு அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தால் 245 மில்லி. கரண்டி சாரின் கணக்குப்படி 24 வந்திருக்க வேண்டும். பந்திவரிசை சார் சொன்ன பக்கம்தான் நெருக்கம். கொதிக்கிற பாத்திரம் சுற்றிலும் சூட்டை இழந்துகொண்டே இருக்கும் என்று மகளும் சொல்கிறாள்.

அவளுக்கு அதோடு போதவில்லை. தீயைக் கூட்டினால் சீக்கிரம் வேகாது என்பதையும் பார்க்க வேண்டுமாம். ஒரே உருளைக்கிழங்கை ஒரே அளவுத் துண்டாக வெட்டி, இரண்டு பாத்திரத்தில் கொதிக்கிற தண்ணீரில் போட்டோம். ஒன்று தளதளவென்று, இன்னொன்று ஓரத்தில் மட்டும் குமிழி வருகிற சிறு தீயில். இரண்டுக்கும் மூடி. எட்டாவது நிமிடம் குத்திப் பார்த்தாள், இரண்டிலும் நடுவில் கெட்டி. பன்னிரண்டாவது நிமிடம் இரண்டிலும் குச்சி வழுக்கிக்கொண்டு இறங்கியது. பெரிய தீயில் இருந்த பாத்திரத்தில் தண்ணீர் ஒரு டம்ளர் குறைந்திருந்தது, துண்டுகளின் ஓரமும் கரைந்திருந்தது. சின்ன தீயில் தண்ணீர் போட்டபடியே இருந்தது, துண்டுகளும் முழுசாக இருந்தன.

இரண்டு பாத்திரத்து உருளைக்கிழங்கும் இரவு பொடிமாஸ் ஆகிவிட்டது.

#22 · யாழ்மணி · திங்கள் இரவு 9:05

பிள்ளைக்கு என்ர வாழ்த்து. நாளைக்கு நான் பச்சை மாவிலயும் வறுத்த மாவிலயும் ஒரே நேரத்தில புட்டு அவிச்சு, கண்ணை மூடிக்கொண்டு வாசம் பாக்கப் போறன்.

#23 · கரண்டி · திங்கள் இரவு 9:30

முதல் பதிவைப் பற்றி மூன்று திருத்தங்கள். "100 டிகிரிக்குள் எதுவும் சிவக்காது" என்பதை "100 டிகிரிக்குள் சிவக்க வெகுநேரம் ஆகும்" என்று வாசியுங்கள். "தீயைக் கூட்டுவதால் ஒரு பயனும் இல்லை" என்பது வேக வைப்பதற்கு மட்டும், வற்ற வைப்பதற்கு இல்லை. 100 என்று சொன்ன இடமெல்லாம் சமவெளிக்கு, ஊட்டிக்கு 93. திருத்தியது பந்திவரிசை அண்ணாவும் மலைக்காற்று அக்காவும்.

யாழ்மணி, புட்டின் முடிவை எழுதுங்கள், காத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் மாவு இன்னும் அரைத் தூக்கு மிச்சம், நாளைக்கும் புளித்திருக்கும். ஊத்தப்பம்தான்.